செக் என்ஜின் விளக்கு, பி0420: கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வண்டி 2018ஆம் ஆண்டு பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி வந்த) பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஓடியது 74,000 கி.மீ. நானும் கணவரும் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது துவாக்குடி தாண்டியதும் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிக்கப் அப்படியே இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, பி0420 என்று குறியீடு வந்திருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற ரூ.52,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். சில நாட்களில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். அதே வாரம் மாசுச் சான்றிதழ் எடுத்தோம், தடையின்றிக் கிடைத்தது. புகை சரியாக இருக்கிறது என்று ஓர் இயந்திரம் சொல்கிறது, சரியில்லை என்று வண்டியே சொல்கிறது. எதை நம்புவது? ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வைகைப் பட்டறை (மதுரை)

சகோதரி, எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கு எரிந்தாலும் ஓட்டம் சரியாக இருப்பதால் அவசரம் இல்லை. அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு. மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது, அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும் என்று பொருள். அப்போது உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிட வேண்டும்.

இப்போது பி0420க்கு வருவோம். இந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்தச் சோதனையில் வண்டி தோற்றது என்றுதான் சொல்கிறது. உங்கள் வண்டியில் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுக் கூட்டியும் சற்றுக் குறைத்தும் மாற்றி மாற்றி விடுவதால், முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே இடைவிடாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனை உள்ளே சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் பின் சென்சாருக்கு அந்த ஆட்டம் போய்ச் சேராது, 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சாரைப்போல் ஆடத் தொடங்கினால், கன்வெர்ட்டர் சேமிக்கும் திறனை இழந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி பி0420 போடுகிறது.

ஆனால் பின் சென்சார் ஆடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். சைலன்சர் குழாயில் எங்காவது கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் அது ஆடும். அதனால் முதலில் அளவுகளைப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். என்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கிச் செருகினால் போனிலேயே பார்க்கலாம். குறியீட்டை மீண்டும் அழிப்பதற்கு முன்பு, விளக்கு எரிந்த கணத்தில் கம்ப்யூட்டர் பிடித்து வைத்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டும் வேலையும் வேண்டாம்.

எனக்கு வேண்டியவை: என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து ஒரு முறை, முன் சென்சார், பின் சென்சார், குறுங்கால எரிபொருள் திருத்தம், நெடுங்கால எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவுகள்). இந்த நான்கும் போதும்.

தாமிரபரணி (நெல்லை)

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நண்பர் ஒருவர் கன்வெர்ட்டரைக் கழற்றி உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிவிட்டார். பின் சென்சாருக்கு ஒரு நீட்டுக்குழாய் வைத்தார். விளக்கு எரியவில்லை, பிக்கப்பும் கூடியது என்கிறார்.

வைகைப் பட்டறை

அந்த வேலையை என் பட்டறையில் நான் செய்வதில்லை, யாரையும் செய்ய விடுவதும் இல்லை. தட்டி எடுத்தது வெறும் பீங்கான் இல்லை ஐயா, அதன் மேல் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியமும்தான். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் மட்டுப்படுத்துவது அந்தப் பூச்சுதான். அதை எடுத்துவிட்டால் பின்னால் வரும் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர் அத்தனையையும் மூச்சில் வாங்குகிறார். சட்டப்படியும் தவறு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

இன்னொன்று. யாராவது உண்மையிலேயே கன்வெர்ட்டரை மாற்ற நேர்ந்தால், பழையதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அந்த உலோகங்களுக்காகவே அதை விலை கொடுத்து வாங்கும் பழைய பொருள் வியாபாரிகள் இருக்கிறார்கள். அது உங்கள் பணம்.

மலைச்சாலை (சேலம்)

இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று நினைக்கிறேன். 2018 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. என் வண்டியிலும் மைலேஜ் குறைந்திருக்கிறது.

வைகைப் பட்டறை

மைலேஜ் குறைவது உண்மை. எத்தனாலில் வெப்ப ஆற்றல் குறைவு. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பற்றிய கவலையும் நியாயமானது. ஆனால் இந்தக் குறியீட்டுக்கு அதைக் குற்றம் சாட்டுமுன் திருத்த அளவுகளைப் பார்க்க வேண்டும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் விட வேண்டும். கம்ப்யூட்டர் அதைத் தானே சரிசெய்துகொள்ளும்; செய்த அளவு நெடுங்காலத் திருத்தத்தில் பிளஸ் எண்ணாகத் தெரியும். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நான் பதற மாட்டேன். 20ஐ நன்றாகத் தாண்டினால், காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 குறியீடு வந்திருக்க வேண்டும். சகோதரிக்கு அது வரவில்லை.

தேம்ஸ் தமிழன் (லண்டன்)

இங்கே 2018 மே 20 முதல் இந்த விளக்கு எரிந்தாலே ஆண்டுச் சோதனையில் வண்டி தோல்வி. பெட்ரோல் என்றால் 2003 ஜூலைக்குப் பின் வந்தவை, டீசல் என்றால் 2008 ஜூலைக்குப் பின் வந்தவை. புகை அளவு சரியாக இருந்தாலும் விட மாட்டார்கள். அதனால் சோதனைக்கு முந்தைய நாள் குறியீட்டை அழித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வாங்குகிறவர் தலையில்தான் விடியும். பழைய வண்டி வாங்கும்போது ஓபிடி கருவியில் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் அண்மையில் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம். ஊரில் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

கடற்கரைச் சாலை (சென்னை)

இழையின் நடுவே புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பிஎஸ்6 டீசல். வீட்டிலிருந்து அலுவலகம் 4 கி.மீ.தான், அதுவும் நெரிசலில். இப்போது புள்ளிகள் நிறைந்த குழாய் போன்ற மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. இதுவும் கன்வெர்ட்டர்தானா?

வைகைப் பட்டறை

இல்லை தம்பி, அது டிபிஎஃப். டீசல் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் அதைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நான்கு கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றால் ஒருநாள் விளக்கு எரியும்.

விளக்கு எரியத் தொடங்கிய கையோடு, டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் ஓட்டிப் போங்கள். நெரிசல் விட்ட பிறகு, கியரை ஒன்று குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் நிலையாக இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேகமும் நேரமும் குறிப்பிட்டிருப்பார்கள், அதுதான் முடிவு. சுத்தம் நடக்கும்போது ஐடிலிங் சற்றுக் கூடுதலாக இருக்கும், விசிறி சத்தமாகச் சுற்றும், சுட்ட வாடை வரும். அந்த நேரத்தில் அணைக்காதீர்கள், காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவும் கூடாது.

டிபிஎஃப் விளக்கோடு என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுவை குறைந்து மந்தமானாலோ நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம், நேராகச் சர்வீசுக்குப் போங்கள். டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தால், பாதியில் நின்ற சுத்திகரிப்புகளால் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றியாக வேண்டும். ஊற்றுவதும் கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ஆயிலாகவே இருக்கட்டும். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

தினமும் 4 கி.மீ. மட்டும் ஓடுகிறவருக்கு டீசல் வண்டியை விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கடற்கரைச் சாலை

மிக்க நன்றி அண்ணா. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் விளக்கு அணைந்துவிட்டது. ஆயில் மட்டமும் சரியாகவே இருக்கிறது. இனி வாரக் கடைசியில் நெடுஞ்சாலைக்கு ஒரு நடை போய் வருவேன்.

காவிரிக்கரை

கருவி வாங்கிப் பார்த்துவிட்டோம். கணவர் வண்டியை இயக்க, நான் போனைப் பார்த்துக் குறித்தேன்.

ஐடிலிங்கில்: முன் சென்சார் 0.1க்கும் 0.8க்கும் இடையே வேகமாக ஆடுகிறது. பின் சென்சார் 0.65இல் நிற்கிறது, திடீரென்று 0.15க்கு விழுகிறது, மறுபடியும் ஏறுகிறது. குறுங்காலத் திருத்தம் பூஜ்யத்தைச் சுற்றி, நெடுங்காலத் திருத்தம் பிளஸ் 3 சதவீதம்.

2,500 ஆர்பிஎம்மில்: முன் சென்சார் அதே ஆட்டம். பின் சென்சார் 0.7இல் அப்படியே நின்றுவிட்டது! நெடுங்காலத் திருத்தம் பிளஸ் 4.

காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மலைச்சாலை

பின் சென்சார்தான் தடுமாறுகிறது. அதை மாற்றிவிடலாமே? கன்வெர்ட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வைகைப் பட்டறை

மாற்ற வேண்டாம். வயதான ஆக்சிஜன் சென்சார் சோம்பேறியாகும், ஆட்டம் குறையும். சோம்பேறியான பின் சென்சார் கெட்ட கன்வெர்ட்டரைக்கூட நல்லதாகக் காட்டிவிடும். இங்கே அது சுறுசுறுப்பாகவே விழுந்து எழுகிறது. சென்சார் பார்ப்பதைத்தான் சொல்கிறது.

சகோதரி, நீங்கள் அருமையாகக் குறித்திருக்கிறீர்கள். கன்வெர்ட்டர் செத்திருந்தால் 2,500இலும் பின் சென்சார் முன் சென்சாரோடு சேர்ந்து ஆடியிருக்கும். உங்களுடையது அங்கே அசையாமல் நிற்கிறது. ஐடிலிங்கில் மட்டும் விழுகிறது. ஐடிலிங்கில் புகை துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், அந்த நொடியில் கசிவு வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் புகை ஒரே சீராகத் தள்ளும், காற்று புகாது. திருத்தங்கள் இரண்டும் சரியாக இருப்பதால் முன் சென்சாருக்கு முன்னால் கசிவு இல்லை. அங்கே இருந்திருந்தால் முன் சென்சாரும் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டச் சொல்லியிருக்கும். ஆக, முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் ஏதோ ஒரு இணைப்பு. காலை 'டிக் டிக்' சத்தமும் அதைத்தான் சொல்கிறது. இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்குகிறது.

உறுதிசெய்ய ஒரு வழி. மாசுச் சான்றிதழ் எடுத்த இடத்துக்கே போய், என்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலிங்கிலும் கூடுதல் வேகத்திலும் இயந்திரத்தின் திரையில் ஆக்சிஜன் அளவு என்ன காட்டுகிறது என்று பார்த்து வாருங்கள். சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பார்ப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும். உங்கள் பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும் வரம்பு. லாம்டாவை, அதாவது காற்று பெட்ரோல் விகிதம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் எண்ணை (சரியாக இருந்தால் 1), கூடுதல் வேகத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால்தான் சான்றிதழ் கிடைத்தது. அந்த இயந்திரமும் பொய் சொல்லவில்லை, வண்டியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

காவிரிக்கரை

பார்த்தோம். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.08, ஹைட்ரோகார்பன் 42, கார்பன் டை ஆக்சைடு 13.4, ஆக்சிஜன் 2.2. கூடுதல் வேகத்தில் கார்பன் டை ஆக்சைடு 14.9, ஆக்சிஜன் 0.3, லாம்டா 1.01. அங்கே இருந்த பையன் பொறுமையாக நின்று காட்டினார்.

வைகைப் பட்டறை

போதும். சூடான கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையில் ஆக்சிஜன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐடிலிங்கில் 2.2 இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் அதற்கேற்ப நீர்த்துப் போயிருக்கிறது. வேகம் கொடுத்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன. காற்று புகுகிறது.

பக்கத்தில் சைலன்சர் வேலை செய்யும் நல்ல பட்டறைக்குப் போங்கள். வண்டி ஆறியிருக்கும்போதே போக வேண்டும். லிஃப்டில் ஏற்றி, சைலன்சர் கடைசி முனையில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றி வைத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். கன்வெர்ட்டரின் வெளி விளிம்பில் கரிக்கோடு தெரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காவிரிக்கரை

பாலக்கரையில் ஒரு சிறிய சைலன்சர் பட்டறைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் சோப்புத் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்துக் காட்டினார். கன்வெர்ட்டர் முடிந்து அடுத்த குழாய் தொடங்கும் இணைப்பில் இரண்டு ஸ்பிரிங் போல்ட்டுகள். ஒரு ஸ்பிரிங் நடுவில் துருப்பிடித்து ஒடிந்து, பாதி காணாமலே போயிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் கேஸ்கெட் வளையம் தேய்ந்து சரிந்திருந்தது. அங்கிருந்து குழாயின் மேல் விரல் நீளத்துக்கு விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருந்தது. பின் சென்சார் அந்த இணைப்பிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்தபோது அதே இடத்தில் நுரை குமிழ் குமிழாக வந்தது.

புதிய கேஸ்கெட் வளையம், இரண்டு ஸ்பிரிங் போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து ரூ.1,150. பழைய போல்ட் ஒன்று சுலபத்தில் கழலவில்லை. துரு நீக்கும் எண்ணெய் தடவி, காத்திருந்து, நிதானமாகக் கழற்றினார். அவசரப்பட்டு முறித்தால் கன்வெர்ட்டரின் விளிம்பே போய்விடும் என்றார்.

குறியீட்டை இப்போது அழிக்கலாமா, தானாகப் போகும் வரை விட்டுவிடலாமா?

வைகைப் பட்டறை

அளவுகளைக் குறித்து வைத்துவிட்டீர்கள், அதனால் அழிக்கலாம். விட்டாலும் பரவாயில்லை. கோளாறு இல்லாமல் மூன்று முழு ஓட்டச் சுழற்சிகள் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி) முடிந்தால் விளக்கு தானாக அணையும். நினைவில் இருக்கும் குறியீடு, என்ஜின் 40 முறை சூடேறி ஆறிய பிறகு போகும்.

அழித்தால், விளக்கு அணைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கன்வெர்ட்டர் சோதனையைக் கம்ப்யூட்டர் முடிக்கப் பெரும்பாலும் ஊருக்குள் ஓடும் ஓட்டம் போதாது. என்ஜின் நன்றாகச் சூடேறி, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சிறிது தூரம் ஓட வேண்டும். தஞ்சாவூர் சாலை அதற்குத் தோதானது. திரும்பி வந்து கருவியில் கன்வெர்ட்டர் சோதனை முடிந்தது என்று காட்டுகிறதா, விளக்கை எரிய வைக்காமல் காத்திருக்கும் குறியீடு ஏதும் உண்டா என்று பாருங்கள்.

காவிரிக்கரை

தஞ்சாவூர் போய் வந்தோம். கன்வெர்ட்டர் சோதனை முடிந்தது என்று காட்டுகிறது, எந்தக் குறியீடும் இல்லை. ஐடிலிங்கிலும் பின் சென்சார் 0.68இல் அசையாமல் நிற்கிறது. காலை நேரச் சத்தமும் இல்லை. ரூ.52,000 எஸ்டிமேட் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அளவுகளையும் படங்களையும் இணைத்து அந்த சர்வீஸ் சென்டரின் மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்து வரும் ஒருவருக்காவது வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடட்டும். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

தாமிரபரணி

பயனுள்ள இழை. என்னுடைய வண்டியிலும் அதே மாதிரி ஸ்பிரிங் இணைப்புதான். ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சாதாரண போல்ட் போட்டு இறுக்கமாக முடுக்கிவிட்டால் மறுபடியும் தளராதே?

வைகைப் பட்டறை

வேண்டாம் ஐயா. என்ஜின் ஆக்சிலேட்டருக்கேற்ப முன்னும் பின்னும் அசையும். சைலன்சர் ரப்பரில் தொங்குகிறது. அந்த அசைவைத் தாங்கத்தான் அங்கே உருண்டை வளையமும் ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். இறுக்கிப் பூட்டினால் அசைவு வேறு எங்காவது போய், வெல்டிங்கிலோ என்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு குழாயிலோ விரிசல் விடும். இரண்டு பக்கமும் ஒரே அளவுள்ள புதிய ஸ்பிரிங் போடுங்கள், போல்ட்டின் தண்டில் தடித்த பகுதி தட்டும் வரை முடுக்கி அங்கே நிறுத்திவிடுங்கள்.